அந்தத் தட்டில் சாப்பிடலாமா?

பீங்கானில் கையால் பூ வரைகிறோம் என்றால் எல்லோரும் கேட்பது, இதை வரைய எத்தனை நாள் ஆகும் என்றுதான். இதில் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் அபூர்வம். எனக்குத் தெரிந்து அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கலை இன்னும் உயிரோடு இருப்பது சின்னச் சின்னக் குழுக்களால்தான். பத்துப் பேருக்கு ஒரு மின்சூளை, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பார், ஒருவர் காலமானால் அவருடைய தூரிகைகளும் வண்ணப்பொடிக் குப்பிகளும் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். என் அலமாரியிலும் அப்படி வந்த குப்பிகள் இருக்கின்றன, பாதிக்கு லேபிள் இல்லை. அன்போடு கொடுத்ததுதான், ஆனால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

காரணம் இதுதான். நாங்கள் வாங்குவது ஏற்கெனவே 1200 டிகிரிக்கு மேல் சுட்டு, பளபளப்புப் பூச்சும் போட்டு முடித்த வெள்ளைப் பீங்கான். பொடியை எண்ணெயில் குழைத்து அந்தப் பளபளப்பின் மேல் வரைந்து 700 முதல் 850 டிகிரிக்குள் மறுபடி சுடுகிறோம். ஒரு ரோஜாவுக்கு மூன்று நான்கு சூடுகூட ஆகும். இவ்வளவு குறைந்த வெப்பத்தில் நிறம் உருகி ஒட்ட, சீக்கிரம் உருகும் கண்ணாடிப் பொடி அதில் கலந்திருக்க வேண்டும். பழைய பொடிகளில் அந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் காரீயம் (lead), உடம்புக்குள் போனால் நஞ்சு. (பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வேறு, அது வெள்ளீயம்.) பளிச்சென்ற சிவப்பிலும் மஞ்சளிலும் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் இருக்கலாம்.

சரியான கலவையைச் சரியாகச் சுட்டால் காரீயம் கண்ணாடிக்குள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சூடு போதாமல் போனாலோ, ஒத்துப்போகாத நிறங்களைக் கலந்தாலோ, புளிப்பு பட்டதும் கசிய ஆரம்பிக்கும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் வரைந்த ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டை ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன், காலையில் பார்த்தால் இலையின் பச்சை மங்கி, தொட்டால் சொரசொரப்பு. மங்கிய நிறம் எங்கே போயிருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

முறையான சோதனையும் கிட்டத்தட்ட அதேதான்: 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றி வைத்து, எவ்வளவு காரீயம் இறங்கியது என்று அளப்பார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வரம்பு, தட்டுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம், கோப்பைக்கு வெறும் 0.5. காரீயம் இருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்கக் கடையில் விற்கும் குச்சியை நான் நம்புவதில்லை. எவ்வளவு கசியும் என்பதை அது சொல்லாது.

வீட்டில் இருப்பதை எப்படிப் பார்ப்பது? வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பூ மட்டும் மேடாகவோ, சுற்றியுள்ள வெள்ளையைவிட மங்கலாகவோ தெரிந்தால் நிறம் மேலே உட்கார்ந்திருக்கிறது. பளபளப்புக்கு அடியில் தீட்டிய கோபால்ட் நீலம் அப்படித் தெரியாது, அதற்குப் பாதுகாப்பும் கூடுதல். தங்க விளிம்பு இருந்தால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், பொறி பறக்கும்.

சீனாவின் ஜிங்டெசென் சூளைகளைப் பற்றி 1712இல் கடிதம் எழுதிய பாதிரியார் தாந்த்ரகோல், ஒரு பாத்திரம் 70 பேர் கைமாறும் என்கிறார், விளிம்பில் வட்டம் போடுவதற்கென்றே தனியாக ஒரு ஆள். எங்கள் குழுக்களில் கலப்பது, வரைவது, சுடுவது எல்லாம் ஒரே ஆள், ஆகவே பொடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியவரும் அவர்தான். வரைந்துகொண்டே காபி குடிப்பது, தூரிகை நுனியை உதட்டில் கூராக்குவது எல்லாம் என் வகுப்பில் கிடையாது. அப்புறம், காய்ந்த பொடியை ஊதக் கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

லேபிள் இல்லாத குப்பிகளை நான் தூக்கி எறியவில்லை, சுவரில் மாட்டும் தட்டுகளுக்கு மட்டும் எடுக்கிறேன். அந்தத் தட்டுகளின் அடியில் என் பெயருக்குக் கீழே 'சாப்பிட அல்ல' என்று எழுதிச் சுட்டுவிடுகிறேன். ஸ்டிக்கர் ஒட்டினால் இரண்டு கழுவலில் போய்விடும், தட்டோ எனக்குப் பிறகு யார் வீட்டுக்குப் போகுமோ.