தோட்டா நிரப்பும் மேசை: பிழை முன்கூட்டியே கண்ணில் பட வேண்டிய இடம்

ஒரு தோட்டாவைச் சுட்டால் தீர்ந்துபோவது மூன்று பொருள்கள்: அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே எரியும் மருந்து, முனையில் இருந்த குண்டு. 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சும். சற்றே விரிந்துபோன அந்தக் கூட்டை டை எனப்படும் எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தை அளந்து கொட்டி, குண்டைச் செருகினால் அது மறுபடியும் தோட்டா. அமெரிக்காவில் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்களும் வேட்டைக்காரர்களும் வீட்டிலேயே இதைச் செய்கிறார்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே பேசுவது அமெரிக்க வீடுகளின் கராஜ், நிலவறை பற்றித்தான்.

குண்டு செருகிய பிறகு கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. இந்த வேலையின் ஆபத்து முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. .38 ஸ்பெஷல் தோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1898-இல் கரும்பொடி என்ற பழைய வெடிமருந்துக்காக வடிவமைத்ததால் அதன் கூடு பெரியது. இன்றைய புகையற்ற மருந்தில் வேகமாக எரியும் வகை, கூட்டின் அடியில் கொஞ்சம் கிடந்தாலே போதும். தவறி இரண்டு முறை கொட்டினாலும் வழியாது. மேலே குண்டு தாராளமாக உட்காரும். அந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை விதித்துள்ள அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இரட்டை மருந்து அதை எங்கோ தாண்டிப் போய்த் துப்பாக்கியையே பிளக்கக்கூடும். மருந்தே விழாத கூடும் சளைத்ததல்ல. பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி அங்கேயே சிக்கவைக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். எனவே மேசை, விளக்கு, அலமாரி எல்லாமே குண்டு செருகும் முன்பே பிழையைக் காட்டிக்கொடுக்கும்படி அமைய வேண்டும்.

முதலில் மேசையின் உறுதி. கூட்டை டைக்குள் அழுத்தும் கருவிதான் பிரஸ். அதன் கைப்பிடி நீளமான நெம்புகோல். ரைஃபிள் கூட்டை டைக்குள் ஏற்றக் கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது, பிரஸ்ஸின் முன்பக்கம் பலகையை அமுக்குகிறது, பின்பக்கத்து போல்ட் மேல்நோக்கி இழுபடுகிறது, மேசையின் பின்கால்களும் தரையை விட்டு எழப் பார்க்கின்றன. முக்கால் அங்குல ப்ளைவுட் இரண்டை ஒட்டி ஒன்றரை அங்குலப் பலகையாக்கி, பிரஸ்ஸை மேசைக்கால் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வைத்து, அடியில் அகலமான வாஷர் அல்லது இரும்புத் தகடு கொடுத்து முடுக்குவதே சரி. அமெரிக்க மரவீடுகளின் சுவருக்குள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு நிலைக்கட்டை இருக்கும். மேசையின் பின்சட்டத்தை அதில் திருகிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். உயரம் உட்கார்ந்து வேலை செய்ய 28 முதல் 30 அங்குலம், நின்று செய்ய 36-க்கு மேல்.

ஆடும் மேசையால் கைதான் வலிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அது மருந்தின் அளவையும் கெடுக்கும். மருந்து அளக்கும் கருவி எடையை அறியாது. ஒரு குழியை நிரப்பிக் கவிழ்க்கும், அவ்வளவுதான். மேலே ஹாப்பர் என்ற கொள்கலனில் இருக்கும் மருந்து அதிர்ந்து அதிர்ந்து நெருங்கிப் படிந்தால், அதே குழிக்குள் கூடுதல் எடை போகும். அதனால் அளவைக் கருவியை பிரஸ் இருக்கும் பலகையில் வைக்காமல் தனித் தாங்கியில் பொருத்துவது நல்லது. முதலில் விழும் சில அளவுகளைத் திரும்ப ஹாப்பரில் கொட்டிவிட்டு, எடை நிலைத்த பிறகு கூட்டில் நிரப்ப வேண்டும்.

தராசு இந்தத் தொழிலின் நீதிபதி. இங்கே அலகு கிரெயின். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு, ஒரு கிரெயின் சுமார் 64.8 மில்லிகிராம். தராசு 0.1 கிரெயின் காட்ட வேண்டும், அதாவது ஆறரை மில்லிகிராம். மின்விசிறிக் காற்றும் ஏசி வாயிலிருந்து வரும் காற்றும் இந்த அளவைச் சுலபமாகப் புரட்டிவிடும். தண்டுத் தராசு என்றால் கண் மட்டத்தில் ஒரு சிறு தட்டு அடித்து வையுங்கள். மேலிருந்து பார்த்தால் கோடு பிசகித் தெரியும். மின்னணுத் தராசு சூடேறும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் சோதனை எடைக்கல் தேவை. வேலை தொடங்கும்போதும் நடுவிலும் முடிவிலும் கல்லை வைத்துப் பாருங்கள். உற்பத்தியாளரின் கையேட்டில் இருக்கும் தொடக்க அளவில்தான் ஆரம்பிக்க வேண்டும். உச்ச அளவு இலக்கு அல்ல.

புதியவருக்கு ஒரே டை பொருத்தும் பிரஸ் போதும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலைதான் நடக்கும் என்பதால் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது குழம்பாது. 50 குழி உள்ள மரப்பலகையில் வெற்றுக் கூடுகளைத் தலைகீழாக நிறுத்துங்கள். ஒன்றை எடுத்து, மருந்து போட்டு, பக்கத்துப் பலகையில் வாய் மேலே தெரிய வையுங்கள். ஐம்பதும் நிரம்பியதும் விளக்கை மேலிருந்து நேராக அடித்து, வரிசை வரிசையாக மருந்தின் மட்டத்தைப் பாருங்கள். ஒன்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் கண்ணுக்குத் தப்பாது. சந்தேகம் வந்த கூட்டைக் கொட்டி மீண்டும் அளப்பதுதான் வழி. நிழல் விழும் ஒற்றைக் குழல்விளக்கு இதற்கு உதவாது. தலையசைத்தால் கூடவே அசையும் நெற்றி விளக்கு நன்றாகப் பயன்படும்.

மேசையில் எந்நேரமும் ஒரே மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். சாம்பல் நிறத் துகளாகப் பல மருந்துகள் ஒன்றுபோலவே தோன்றும். எரியும் வேகமோ மிகவும் வேறு. வேலை முடிந்ததும் ஹாப்பரில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். புகையற்ற மருந்தின் அடிப்படைப் பொருளான நைட்ரோசெல்லுலோஸுடன் நைட்ரோகிளிசரினும் சேர்ந்த வகையை அங்கேயே விட்டுவைத்தால் சில பிளாஸ்டிக் ஹாப்பர்களை அது அரிக்கவும் செய்யும். நீலகிரியின் அருவங்காட்டு ஆலைக்குப் பெயர் தந்த கார்டைட்டும் இந்த இரட்டை அடிப்படைக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

சேமிப்பில்தான் நல்ல எண்ணத்தோடு தவறு செய்கிறார்கள். பத்திரம் என்று நினைத்து மருந்தை இரும்புப் பெட்டகத்தில் பூட்டுவது தவறு. திறந்த வெளியில் புகையற்ற மருந்து வேகமாக எரியுமே தவிர வெடிக்காது. இறுக்கமான இரும்புக்குள் அடைத்தால் வாயு போக வழியின்றி அழுத்தம் ஏறி, பெட்டகமே வெடிகுண்டாகும். உற்பத்தியாளரின் டப்பா அழுத்தம் வந்தால் எளிதில் திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டது, அதிலேயே இருக்கட்டும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்பு வீட்டில் 20 பவுண்டு வரை மூல டப்பாக்களில் வைக்கலாம் என்கிறது. 20-க்கு மேல் 50 வரை, ஓர் அங்குல மரச்சுவர் கொண்ட பெட்டிக்குள் வைக்க வேண்டும். பிரைமர் 10,000 வரை. உள்ளூர் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். கராஜில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருந்தால் அந்த இடம் வேண்டவே வேண்டாம். அதன் அணையாச் சுடர் ஒன்றே போதும். வெயிலில் கொதிக்கும் கொட்டகையும் ஆகாது. வெப்பத்தில் நைட்ரோசெல்லுலோஸ் சிதைந்து அமில வாயு வெளிவரும். அந்த வாயுவே மேலும் சிதைவைத் தூண்டும். டப்பாவைத் திறந்ததும் காரமான நெடியோ துருப்பிடித்த நிறப் புகையோ தெரிந்தால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது.

பிரைமர் தீயை விட அடிக்கே அதிகம் அஞ்ச வேண்டிய பொருள். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து வெடிக்கலாம். அவை வாங்கிய அட்டையிலேயே, ஒன்றோடொன்று தொடாமல் இருக்கட்டும். கண்ணாடிப் புட்டியில் மொத்தமாகக் கொட்டி வைக்காதீர்கள். பொருத்தும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கூட்டுக்குப் பூசும் மசகெண்ணெய் விரலில் இருந்தால் துடைத்துவிட்டுத்தான் பிரைமரைத் தொட வேண்டும். எண்ணெய் பட்டது பற்றாமல் போகலாம்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஈயம். வழக்கமான பிரைமரில் ஈய ஸ்டிஃப்னேட் என்ற வெடிசேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் கரியில் அந்த ஈயம் தங்கிவிடும். கூடுகளைச் சுழற்றித் துலக்கும் எந்திரத்தின் உலர் தூளைச் சல்லடையில் கொட்டும் நொடியில் எழும் தூசிதான் இந்த மேசையின் மோசமான தூசி. மூடியைப் போட்டுச் சுழற்றி, வீட்டுக்கு வெளியே முகமூடி அணிந்து சலியுங்கள்; அல்லது எவர்சில்வர் ஊசிகளோடு தண்ணீரில் துலக்குங்கள். தரையில் கம்பளம் வேண்டாம், வழுவழுப்பான தளத்தை ஈரத்துணியால் துடையுங்கள். சாதாரண வேக்குவம் நுண்தூசியை அறை முழுக்கப் பரப்பும். அதன் மோட்டார்ப் பொறி சிந்திய மருந்தைப் பற்றவைக்கவும் கூடும். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வைத்த கவன எல்லை ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம்தான். ஆகவே இந்த அறையில் காப்பியோ நொறுக்குத் தீனியோ கூடாது. சட்டையை மாற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். வேலைச் சட்டை மற்றத் துணிகளோடு சேராமல் தனியாகத் துவைக்கப்பட வேண்டும்.