காயவைத்தால் முளைக்காத விதை: ராட்சத அல்லியை விதையிலிருந்து வளர்ப்பது

நெல்லோ உளுந்தோ கத்தரியோ, எந்த விதையானாலும் வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்துவைப்பதுதான் நம் வழக்கம். தாம்பாளம்போன்ற பெரிய இலைகளை மிதக்கவிடும் விக்டோரியா என்ற ராட்சத அல்லிக்கு அந்த வழக்கம் உதவாது. காயிலிருந்து வெளிவந்த நாள் முதல் முளைக்கும் நாள் வரை அதன் விதை தண்ணீருக்குள்ளேயே கிடக்க வேண்டும். ஒருமுறை உலர்ந்துவிட்டால் உள்ளிருக்கும் கரு செத்துவிடும். பிறகு எவ்வளவு ஊறப்போட்டாலும் பிழைக்காது. பொட்டலத்தில் காய்ந்த விதையாகத் தந்தால் வாங்கவே வேண்டாம்.

ஐரோப்பியத் தோட்டங்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. 1846இல் தாவரச் சேகரிப்பாளர் தாமஸ் பிரிட்ஜஸ் பொலிவியாவிலிருந்து ஈரக் களிமண்ணில் பொதிந்து கொண்டுவந்த விதைகளில் இரண்டுதான் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. குளிர்காலத்துக்குள் அவையும் மடிந்தன. 1849இல் பிரிட்டிஷ் கயானாவிலிருந்து சுத்தமான தண்ணீர் நிரப்பிய குப்பிகளில் வந்த விதைகள்தான் நிலைத்தன. அவற்றில் ஒரு நாற்று இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்துக்குப் போய், அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டனின் பராமரிப்பில் அதே ஆண்டு நவம்பரில் பூத்தது.

எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தண்ணீரின் வெப்பம்தான் முடிவு செய்யும். அமேசான் படுகையின் விக்டோரியா அமேசானிகாவுக்கு முளைக்கும்போது 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். வளர்ந்த பிறகும் குளிர் ஆகாது. கொல்கத்தாவை ஒட்டிய சிப்பூர் தாவரவியல் பூங்காவில் அது திறந்த குளத்திலேயே விரிந்து கிடக்கிறது. பராகுவே, பரானா ஆற்றுப் பகுதிகளின் விக்டோரியா குருசியானாவுக்கு 20 முதல் 25 டிகிரியே போதும். முதல்முறை வளர்ப்பவருக்கு, தண்ணீரை இரவும் பகலும் 30 டிகிரியில் வைக்க வழியில்லையென்றால், குருசியானாதான் சரி. 1961இல் அமெரிக்காவின் லாங்வுட் தோட்டத்தில் பேட்ரிக் நட் இவ்விரண்டையும் கலந்து உருவாக்கிய கலப்பினம் இரண்டையும்விட வீரியமானது. ஆனால் அதன் விதைக்கு ஒவ்வொரு முறையும் தாய் இனங்களைப் புதிதாகக் கலக்க வேண்டும். 2022இல் தனி இனமென்று அறிவிக்கப்பட்ட விக்டோரியா பொலிவியானாதான் மூன்று இனங்களிலும் பெரியது; அதன் இலை 3.2 மீட்டர் வரை அளக்கப்பட்டிருக்கிறது.

பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாமல் தாய்ச்செடியின் மொட்டுப் படத்தைக் கேளுங்கள். மொட்டை மூடியிருக்கும் புல்லிகளில் நுனிவரை முள் அடர்ந்திருந்தால் அமேசானிகா; அடிப்பக்கத்தில் மட்டும் இருந்தால் குருசியானா.

விதை பட்டாணி அளவு, ஓடு கெட்டி. அதன் ஒரு முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சிறிய வட்ட மூடி தெரியும். முளை அதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். கூரான கத்திமுனையால் அந்த மூடியை மட்டும் நெம்பி எடுத்துவிட்டால் முளைப்பு விரைவாகவும் சீராகவும் நடக்கும். கரு மூடிக்கு நேர் கீழேதான் இருப்பதால் கத்தி ஒரு மில்லிமீட்டர் ஆழமாக இறங்கினாலும் அந்த விதை வீண். கண்ணாடிக் கிண்ணத்தில் 5 செ.மீ. தண்ணீரில் விதைகளைப் போட்டு, கிண்ணத்தை ஹீட்டர் பொருத்திய மீன்தொட்டிக்குள் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் அதே வெதுவெதுப்பில் இருக்கட்டும். பூஞ்சை படர்ந்து மென்மையான விதையை உடனே எடுத்துவிடுங்கள்.

முதலில் வருவது ஊசிபோல ஓர் இலை, அடுத்தது ஈட்டிமுனை வடிவில். மூன்றாவது, நான்காவது இலைகளுக்குப் பிறகுதான் மிதக்கும் இலை வரும். இந்த நாட்களில் நாற்றோடு ஒட்டியிருக்கும் விதையைப் பிய்க்கக் கூடாது. கரு மிகச் சிறியது. விதையின் பெரும்பகுதி வெள்ளை மாவுதான், நாற்று அதைத் தின்றுதான் வளர்கிறது. தென் அமெரிக்காவில் இந்த விதையை மனிதர்களும் உண்பதால் ‘நீர்ச்சோளம்’ என்றே பெயர்.

ஈட்டி இலையும் வேரும் கண்டதும் 8 செ.மீ. தொட்டிக்கு மாற்றலாம். களித்தன்மை மிகுந்த தோட்டமண், மேலே ஒரு விரற்கடை மணல், அதற்கு மேல் 5 முதல் 8 செ.மீ. தண்ணீர். மக்கிய எருவோ தேங்காய் நார்த்தூளோ வேண்டாம்: எரு தண்ணீருக்கடியில் அழுகி வேரைக் கறுக்கவைக்கும், நார்த்தூள் மிதக்கும். நாற்றே மேலெழும்பிவிடுவது அடிக்கடி நடக்கும். கொண்டை ஊசிபோல வளைத்த மெல்லிய கம்பியால் மெதுவாகப் பிடித்துவைக்கலாம். குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும். நத்தை ஒரே இரவில் நாற்றைத் தின்றுவிடும், பாசி இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். தினம் 12 மணி நேரத்துக்குக் குறையாத நல்ல வெளிச்சம் கிடைக்காத நாற்று வாரக்கணக்கில் அப்படியே நின்றுவிடும்.

வேர் தொட்டியை நிரப்புவதற்கு முன்பே அடுத்த அளவுக்கு மாற்றுங்கள். நெருக்கடியில் தங்கிவிட்ட செடியின் இலை சிறுத்துப்போகும். முழு வளர்ச்சிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் அகலமும் 60 செ.மீ. ஆழமும் கொண்ட தொட்டி தேவை. உரத்தை மிதக்கும் இலைகள் வந்த பிறகே தொடங்கி, மாத்திரையாகக் குருத்திலிருந்து தள்ளி மண்ணுக்குள் ஆழமாகச் செருக வேண்டும். தண்ணீரில் கரைந்தால் பாசிக்குத்தான் தீனி.

இலையின் விளிம்பு தாம்பாளம்போல நிமிரத் தொடங்கினால் செடி தேறிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஓர் இலையின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் காற்றறைகள் கொண்ட தடித்த நரம்புகள் நடுவிலிருந்து கிளைத்து, குறுக்கு நரம்புகளோடு பின்னிக் கூரைச் சட்டம்போல நிற்கும். முள்ளும் நிறைய, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மேலே தேங்கும் மழைநீர் விளிம்பின் இரு வெட்டுகள் வழியாகவும் இலை முழுக்க இருக்கும் நுண்துளைகள் வழியாகவும் வடியும்.

பூ முதல் மாலை வெள்ளையாக மலர்ந்து, சூடேறி, அன்னாசிப்பழம்போல மணக்கும். அப்போது அது பெண் நிலையில் இருக்கும். தாயகத்தில் வண்டுகள் உள்ளே நுழைந்து இரவில் சிக்கிக்கொள்ளும். மறுமாலை இளஞ்சிவப்பாக மாறி மகரந்தம் உதிர்த்து அவற்றை விடுவிக்கும். அந்த வண்டு இல்லாத ஊரில், இரண்டாம் மாலைப் பூவின் மகரந்தத்தை வேறொரு முதல் மாலைப் பூவின் கிண்ணத்துக்குள் தூரிகையால் தடவுங்கள். பிறகு பூ தண்ணீருக்குள் மூழ்கிக் காயாகும். காயை உடனே வலைப்பையில் கட்டிவிடுங்கள்: வெடித்தால் விதைகள் காற்றடைத்த மெல்லிய உறையோடு சில நாள் மிதந்து திரிந்து, எங்கோ சேற்றில் இறங்கிவிடும். பையில் சேர்ந்த விதைகளின் உறையைக் கழுவி, நேராகத் தண்ணீர்ப் புட்டிக்கு மாற்றுங்கள்.