கூறைச் சேலை கடையில் உண்டு, கூகுளில் இல்லை

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் சேலைக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, வெப்சைட் செய்து ஒன்றரை வருசம். அதைப் பார்த்து ஒரு சனமும் வரேல்லை" என்றார். அவர் முன்னாலேயே கடையின் பெயரைக் கூகுளில் தேடினேன். பேஸ்புக் பக்கம் வந்தது, பக்கத்துக் கடை வந்தது, அவருடைய தளம் வரவில்லை.

தளம் கட்ட உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில், தேடுபொறிகள் இதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல ஒரு சிறிய பெட்டி உண்டு. வேலை முடிந்ததும் அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். செய்து கொடுத்தவர் மறந்துவிட்டார். ஒன்றரை வருடமாக அந்தத் தளம் கூகுளை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கொழும்பில் நான் பார்த்த தளங்களில் இந்தப் பிழை அபூர்வமல்ல.

எஸ்.இ.ஓ., அதாவது தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை, என்றதும் பலரும் முதலிடத்தைத்தான் கேட்கிறார்கள். கூகுள் முதலில் பக்கங்களைத் தேடிப் போய்ப் படிக்கிறது, பிறகு பட்டியலில் சேர்க்கிறது, அதன் பிறகே வரிசைப்படுத்துகிறது. பட்டியலிலேயே சேராத தளத்துக்கு வரிசையில் இடம் எங்கே கிடைக்கும்?

சரி, பெட்டியைத் திருத்தினோம். சில நாட்களில் கடையின் பெயர் வந்தது. ஆனால் "கூறைச் சேலை" என்று தேடினால் அப்போதும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். சேலைகளின் விபரம், விலை எல்லாம் படத்துக்குள் எழுதப்பட்டிருந்தன. தமிழ்ப் பக்கம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது. எழுத்துருவையும் சேர்த்து ஏற்றியிருந்ததால் திரையில் அழகான தமிழ்தான். ஆனால் பாமினியில் "அம்மா" என்று நம் கண்ணுக்குத் தெரிவது, உள்ளே சில ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. கூகுள் படிப்பது அதைத்தான். நம் ஊரில் அச்சகம், பத்திரிகை, அலுவலகம் என்று பாமினி ஊறிப்போனதால், அதே கோப்பை அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். எத்தனை நல்ல தமிழ்ப் பக்கங்கள் இப்படி யாருக்கும் கிடைக்காமல் கிடக்கின்றன என்று நினைக்கவே மனம் கனக்கிறது. படத்தில் இருந்ததையும் பாமினியில் இருந்ததையும், கணினிகள் தமிழாகவே அறியும் யுனிகோடு எழுத்துக்கு மாற்றினோம்.

அப்புறம் சொற்கள். தலைப்பில் "பிரைடல் சில்க் கலெக்‌ஷன்" என்றிருந்தது. கடைக்கு வரும் அம்மாமார் அப்படியா கேட்கிறார்கள்? "கூறை இருக்கா?" என்றுதானே கேட்கிறார்கள். ரொறன்ரோவில் இருந்து கல்யாணத்துக்கு வரப்போகும் குடும்பமும் அதையேதான் தேடும், பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். ஆகவே இரண்டு எழுத்திலும் எழுதினோம். என்னென்ன சொற்கள் வேண்டும் என்று அறிய நான் போய் உட்கார்ந்தது கடையில் நிற்கும் பிள்ளைகளிடம். ஒரு நாளில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். அதைவிட நல்ல பட்டியல் எந்த மென்பொருளிலும் கிடைக்காது.

கைபேசியில் தளம் எப்படித் திறக்கிறது என்றும் பாருங்கள். கூகுள் 2016இல் அறிவித்து 2023இல் முடித்த மாற்றத்தின்படி, தளத்தின் கைபேசி வடிவத்தையே அடிப்படையாகப் படிக்கிறது. கூகுள் மேப்பில் கடையின் இடம், தொலைபேசி எண், போயா தினத்தில் திறக்கும் நேரம் ஆகியவற்றைப் பதிவதற்குக் காசே தேவையில்லை.

இந்த முதலாளி என்னிடம் வருமுன் "ஒரே மாதத்தில் முதலிடம்" என்ற ஒருவருக்குப் பணம் கொடுத்திருந்தார். அந்த உறுதியை எவராலும் தரமுடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. பயன் தெரியப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்றும் அது சொல்கிறது. பணம் வாங்கியவர் செய்ததெல்லாம், மற்றத் தளங்களில் இருந்து இந்தத் தளத்துக்குக் காசுக்கு வாங்கிய இணைப்புகள்தான். அவை கூகுளின் விதிக்கு முரணானவை, தளத்தையே பின்னுக்குத் தள்ளக்கூடியவை.

உங்கள் தளத்தைத் திறந்து தமிழில் ஒரு வரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. பிரதி எடுக்கவே முடியாவிட்டால் பெரும்பாலும் அது படம். இரண்டில் எதுவானாலும் தளத்தைச் செய்தவருக்கு இன்றே அழைப்பெடுங்கள்.