சில்லறைக் கடைக்கு 1 சதவீத ஜி.எஸ்.டி.: எந்தக் கடைக்குப் பொருந்தும்?

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, சிறு வணிகர்களுக்குக் காம்போசிஷன் எனப்படும் எளிய வரி முறையை வழங்குகிறது. முந்தைய நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் 1.5 கோடி ரூபாயைத் தாண்டாத சில்லறை வணிகர் (சில சிறப்புப் பிரிவு மாநிலங்களில் 75 லட்சம்), வரிக்குட்பட்ட விற்பனையில் 1 சதவீதம் மட்டும் செலுத்தினால் போதும். வரிவிலக்குப் பொருட்களின் விற்பனைக்கு இந்த 1 சதவீதம் கிடையாது என்றாலும், வரம்பைக் கணக்கிடும்போது அதுவும், அதே பான் எண்ணில் உள்ள மற்றக் கிளைகளின் விற்பனையும் சேரும்.

1 சதவீதம் என்றதும் பலரும் யோசிக்காமல் சேர்ந்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். இந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது; கொள்முதலில் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக (விற்பனை வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுக்கவும் முடியாது. ஆகவே முழுச் சுமையும் கடைக்காரரின் லாபத்தில்தான் விழுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 5 சதவீத வரியுள்ள சரக்கை 1,00,000 ரூபாய்க்கு வாங்கி, 5,000 வரி கட்டி, வரி உட்பட 1,15,500 ரூபாய்க்கு விற்கிறீர்கள். வழக்கமான முறையில் விற்பனை வரி 5,500. வரவு கழிந்தபின் கையிலிருந்து கட்டுவது 500 மட்டுமே. காம்போசிஷனில் 1,155 ரூபாய். மாறாக, 18 சதவீதச் சரக்கை 1,18,000 ரூபாய்க்கு வாங்கி 1,41,600 ரூபாய்க்கு விற்றால், வழக்கமான முறையில் 3,600 ரூபாயும் காம்போசிஷனில் 1,416 ரூபாயும் வரும். வரி விகிதம் உயர்ந்து, லாப விகிதமும் நன்றாக இருக்கும் கடைக்கே இம்முறை கைகொடுக்கும். குறைந்த லாபத்தில் 5 சதவீதச் சரக்கை ஓட்டும் கடைக்கு, மாதாந்திரக் கணக்கு வேலை குறையும் நிம்மதி கிடைக்கலாம், பணம் மிச்சமாகாது.

வாங்குபவர் யார் என்பதும் முக்கியம். காம்போசிஷன் கடை வரி பில் தர முடியாது, வரியைத் தனியாகக் காட்டாத வழங்கல் பில் மட்டுமே தரலாம் என்பதால், உங்களிடம் வாங்கும் வேறு வணிகர்களுக்கும் நிறுவனங்களுக்கும் வரி வரவு கிடைக்காது. அவர்கள் வேறு கடையைத் தேடிப் போகக்கூடும்.

வெளிமாநிலத்திலிருந்து சரக்கு வாங்கலாம், ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. இணைய விற்பனைத் தளங்கள் வழியாகச் சரக்கை விற்க 2023 அக்டோபர் 1 முதல் அனுமதி உண்டு. அதுவும் மாநிலத்துக்குள் மட்டுமே. கடையின் பெயர்ப்பலகையிலும், ஒவ்வொரு பில்லின் மேற்பகுதியிலும் காம்போசிஷன் வணிகர் என்று குறிப்பிட வேண்டும்.

காலாண்டு முடிந்த மறுமாதம் 18-ஆம் தேதிக்குள் சி.எம்.பி-08 படிவம் மூலம் வரியைச் செலுத்தி, ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் 30-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-4 என்னும் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஏற்கெனவே பதிவு பெற்றவர்கள் இம்முறைக்கு மாற, நிதியாண்டு தொடங்கும் முன்பே ஜி.எஸ்.டி. இணையதளத்தில் சி.எம்.பி-02 படிவத்தை அளித்தாக வேண்டும். மாறும் நாளில் இருப்பிலுள்ள சரக்குக்கு முன்பு எடுத்த வரி வரவைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும். அந்தத் தொகை சில கடைகளுக்குப் பெரிதாக இருக்கும் என்பதால், மார்ச் மாதத்துக்கு முன்பே இருப்பைக் கணக்கெடுத்து, ஓராண்டுக் கொள்முதல், விற்பனையை வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.