வராமல் போன சம்பள உயர்வு

2021 ஜனவரி. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகத்தில் இறங்கிய லாரி ஓட்டுநர்களிடம் டச்சு சுங்க அதிகாரிகள் ஹாம் சாண்ட்விச்சைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ‘இறைச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், ரொட்டியையாவது விடக்கூடாதா?’ என்று ஒருவர் கேட்டுப் பார்த்தார். முடியாது, எல்லாமே பறிமுதல்தான், பிரெக்சிட்டுக்கு நல்வரவு ஐயா என்று பதில் வந்தது. டச்சுத் தொலைக்காட்சி அதை அப்படியே ஒளிபரப்பியது. பிரெக்சிட் என்பது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதற்கு வைத்த பெயர்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாண்ட்விச் சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்புதான், 2020 டிசம்பர் 24 அன்று, பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் சுங்க வரியே இல்லாத ஒப்பந்தம் ஒன்றை முடித்திருந்தன. வரி பூஜ்யம் என்றால் சாண்ட்விச் மேல் என்ன கோபம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தை வரியை மட்டும் எடுத்த ஏற்பாடு அல்ல. ஒரு நாட்டில் சோதித்துத் தேறிய சரக்கை மற்ற நாடுகள் மறுபடி சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் அதன் உயிர். எல்லாருக்கும் ஒரே விதி, சண்டை வந்தால் ஒரே நீதிமன்றம். அதிலிருந்து வெளியேறிய மறுநாளே நீங்கள் அந்நிய நாடு. உங்கள் இறைச்சிக்கும் பாலுக்கும் தாள், அதாவது சான்றிதழ், வேண்டும்.

அந்தத் தாள் என்ன செய்யும் என்பதற்குச் செஷயர் பகுதியைச் சேர்ந்த ஒரு சீஸ் வியாபாரியின் கதை போதும். ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு 25, 30 பவுண்டு பரிசுப் பெட்டிகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். 2021 பிறந்ததும், ஒவ்வொரு பெட்டிக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்குச் செலவு சுமார் 180 பவுண்டு. கண்டெய்னர் நிறைய சீஸ் அனுப்புகிறவருக்கு 180 பவுண்டு ஒரு பொருட்டே இல்லை. ஒற்றைப் பெட்டி அனுப்புகிறவருக்கு அத்தோடு கடை கட்ட வேண்டியதுதான். வரி சரக்கின் மதிப்புக்கு ஏற்பக் கூடும், குறையும். தாளுக்கு அந்த இரக்கம் கிடையாது. லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்களின் கணக்குப்படி, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்துவந்த சுமார் 16,400 நிறுவனங்கள் அதை நிறுத்திவிட்டன. பெரும்பாலும் சின்ன நிறுவனங்கள். பெரியவர்கள் ஆள் வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வரி விலக்கு என்பது பிரிட்டனில் செய்த பொருளுக்குத்தான். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற பிரிட்டன் கடை நிறுவனம் விற்கும் ‘பெர்சி பிக்’ என்ற பன்றி முக மிட்டாய் ஜெர்மனியில் தயாராகி பிரிட்டனுக்கு வருகிறது. அங்கிருந்து, ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்தின் கடைக்கு அனுப்பினால் அது பிரிட்டன் மிட்டாயும் இல்லை, ஐரோப்பிய மிட்டாயும் இல்லை என்றாகி வரி விழுந்தது!

சரி, இதெல்லாம் வியாபாரிகள் தலைவலி. சாதாரணக் குடும்பத்துக்கு இது எப்படி வந்து சேர்கிறது?

முதல் அடி பவுண்டு வழியாக வந்தது, அதுவும் வெளியேறுவதற்கு மூன்றரை ஆண்டுகள் முன்பே. 2016 ஜூன் 23 அன்று, ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று பிரிட்டனில் வாக்கெடுப்பு. அன்று இரவு 1.50 டாலர் வரை போன பவுண்டு, முடிவு தெரிந்து விடிவதற்குள் 1.33க்குக் கீழே வந்தது. 1985க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. வெளியிலிருந்து வாங்கும் உணவு, எரிபொருள், உடை எல்லாம் விலை ஏறின. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. வாழ்க்கைத்தரம் என்பது சம்பளக் கவரில் உள்ள எண் அல்ல, அந்த எண்ணுக்குக் கடையில் என்ன கிடைக்கிறது என்பதுதானே.

அடுத்தது மெதுவான அடி, என் கணிப்பில் அதுதான் பெரியது. போட்டிக்கு வெளியாள் வராதபோது உள்ளூர்க்காரருக்குச் சுறுசுறுப்பு குறையும். நாளை விதி எப்படி மாறுமோ என்ற குழப்பத்தில் முதலாளி புது இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடுவார். பழைய இயந்திரத்தில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவுதான் செய்ய முடியும். கூலியும் அங்கேயே நிற்கும். பிரிட்டன் அரசின் சுயேச்சையான பட்ஜெட் மதிப்பீட்டு அமைப்பு, ஒன்றியத்தில் தொடர்ந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையைவிட நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்கிறது. சம்பளமும் அதே அளவு பின்தங்கினால், ஆண்டுக்கு 30,000 பவுண்டு வாங்கியிருக்க வேண்டியவருக்கு 1,200 பவுண்டு குறைவு. அது யார் பையிலிருந்தும் எடுக்கப்பட்ட பணம் அல்ல, வராமல் போன உயர்வு. அதனால்தான் யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

நடக்காத ஒன்றை எப்படி அளப்பது? பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு ‘நிழல் பிரிட்டனை’ உருவாக்குகிறார்கள். 2016 வரை பிரிட்டனைப் போலவே வளர்ந்த நாடுகள் சிலவற்றை வெவ்வேறு விகிதத்தில் கலந்து, அந்தக் கலவை அதன் பிறகு எங்கே போனது என்று பார்ப்பது. கிட்டத்தட்ட மருந்துச் சோதனை மாதிரி, ஆனால் நோயாளி ஒருவர்தான். அதனால் சண்டையும் ஓயவில்லை. கொரோனாவும் உக்ரைன் போரும் எரிவாயு விலையும் ஒவ்வொரு நாட்டையும் ஒவ்வொரு மாதிரி தாக்கின. கலவையில் எந்த நாட்டைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறும். பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் 2025இல் வெளியிட்ட ஆய்வு நாட்டின் மொத்த உற்பத்தியில் 6 முதல் 8 சதவீதம் இழப்பு என்கிறது. எந்த எண் சரி என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் இழப்புப் பக்கம்தான் பெரும்பாலான ஆய்வுகள் நிற்கின்றன.

வெளியேறியதால் பிரிட்டனுக்குத் தனியாக ஒப்பந்தம் போடும் உரிமை கிடைத்ததும் உண்மை. 2025 ஜூலையில் இந்தியாவுடன் கையெழுத்தானது. திருப்பூர் பின்னலாடைக்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த ஒப்பந்தம் அது. அதனால் 2040இல் பொருளாதாரம் சுமார் 0.13 சதவீதம் கூடும் என்று பிரிட்டன் அரசே கணக்கிட்டது. ஆஸ்திரேலிய ஒப்பந்தத்துக்கு 0.08 சதவீதம். தூரம் கூடக் கூட வணிகம் மெலியும். பக்கத்து வீட்டுக்காரரோடு உள்ள கொடுக்கல் வாங்கலை அடுத்த கண்டத்தில் தேடினால் இவ்வளவுதான் தேறும்.

2025 மே மாதம் லண்டனில் இரு தரப்பும் மறுபடி உட்கார்ந்தன. உணவுச் சரக்குக்கான சோதனைகளையும் சான்றிதழ்களையும் பெருமளவு நீக்க ஓர் ஒப்பந்தம் பேசலாம் என்று முடிவானது. பதிலுக்கு, அந்தத் துறையில் ஐரோப்பிய விதிகள் மாறும்போதெல்லாம் பிரிட்டனும் தன் விதிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த விதிகளை எழுதும் மேசையில் 2020 வரை பிரிட்டனுக்கு ஒரு நாற்காலி இருந்தது.