சக்கரத்தின் ஆஃப்செட்: ஈடா, எதிரீடா, தள்ளளவா?

‘எதிர்மறை ஈடு கொண்ட சக்கரங்கள் உங்கள் வாகனத்துக்குக் கம்பீரம் சேர்க்கும்.’ பிக்கப் வண்டிகளுக்கு ரிம் விற்கும் ஒரு தளத்தின் தமிழ்ப் பக்கத்தில் இருக்கும் வரி இது. ஒரே இடத்தில் என்றால் விட்டுவிடலாம். டயர் விளம்பரம், உதிரிபாகக் கையேடு, காணொளியின் அடியில் ஓடும் வசனம் என எங்கும் இந்த ‘ஈடு’ வந்து நிற்கிறது. நமக்கு ஈடு என்றால் என்ன? நகையை ஈடு வைப்போம். நட்டத்துக்கு இழப்பீடு கேட்போம். அவளுக்கு ஈடுஇணை இல்லை என்போம். இதில் எந்தப் பொருளை எடுத்தாலும் அது சக்கரத்துக்குள் நுழையாது. படிப்பவர் ஏதோ ஒன்றைச் சரிக்கட்டும் சக்கரம் என்று நினைப்பார், அல்லது ஒன்றும் புரியாமல் கடந்துபோவார்.

இந்த ‘ஈடு’ ஆங்கிலத்தின் ‘ஆஃப்செட்’ என்ற சொல்லுக்கு எழுதப்படுவது. மூலம் எளிது. ‘ஆஃப்’ என்றால் விலகி, ‘செட்’ என்றால் வைத்தல். விலக்கி வைத்தது, அவ்வளவுதான். அதிலிருந்து செடியின் பக்கக்கன்றுக்கும், நில அளவைக்கும், கணக்குப் புத்தகத்துக்கும், அச்சுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் கிளைத்துப் போயிற்று. வரவைச் செலவால் கழித்துக்கொள்வது கணக்கர் பொருள். கார்பன் ஆஃப்செட் அந்த வழியில் வந்தது. அங்கே ‘ஈடு’ பொருந்தும். சக்கரத்தின் ஆஃப்செட் நில அளவையாளரின் பக்கத்துச் சொந்தம். புல வரைபடத்தில் ஒரு கோட்டிலிருந்து வரப்பின் முனைக்குச் செங்குத்தாக அளக்கும் தூரத்தை சர்வேயர் ஆஃப்செட் என்றுதான் சொல்வார். பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர்கள் பலருக்கு அது காதில் விழுந்த சொல். தூரம் என்பதுதான் அதன் உயிர்.

சக்கரத்தில் அது எந்தத் தூரம்? ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டும் ஒரு கோட்டை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ரிம் போய் ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் சுழல்நடுவில், உட்காரும் தட்டையான முகம் ஒன்று இருக்கிறது, நட்டு முடுக்கும் இடம். அந்தக் கோட்டுக்கும் இந்த முகத்துக்கும் நடுவே உள்ள மில்லிமீட்டர்தான் ஆஃப்செட். முகம் நடுக்கோட்டைத் தாண்டித் தெருப்பக்கம் இருந்தால் ப்ளஸ். சக்கரம் வண்டிக்குள் அடங்கி நிற்கும். முகம் வண்டிப்பக்கம் இருந்தால் மைனஸ். சக்கரம் வெளியே வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பூஜ்யம். ரிம்மின் உள்ளே ‘ஈடி 30’ (ET 30) என்று பொறித்திருப்பதும் இதே அளவுதான். ஜெர்மன் மொழியில் ‘ஐன்பிரெஸ்டீஃபெ’ என்பதன் சுருக்கம் அது. உள்ளே அழுத்திய ஆழம் என்று பொருள். அவர்கள் பட்டறையில் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது சொல்லாராய்ச்சிக்காரர்களின் சண்டை மட்டும் அல்ல. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லை தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு பிக்கப் வண்டிகள் தயாராகின்றன. பொன்னேரி, பழவேற்காடு பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களில் சிலர் அந்த மாதிரி வண்டியை வாங்கி, உடலை இரண்டு அங்குலம் உயர்த்தி ‘லிஃப்ட்’ பண்ணி, பெரிய டயர் கேட்டு வடசென்னையின் மாதவரம், மூலக்கடைப் பக்கம் வருகிறார்கள். 265/60 ஆர் 18 (265 மி.மீ. அகலம், 18 அங்குல ரிம்) டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 775 மி.மீ. அதை எடுத்துவிட்டு 285/70 ஆர் 17 போட்டால் 831 மி.மீ. வண்டி உயர்வது அதில் பாதி, 28 மி.மீ. தான். ஆனால் டயரின் சுற்றளவு 7 சதவீதம் கூடிவிடுவதால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-ல் போய்க்கொண்டிருக்கும். அகலமும் கூடுவதால் டயரின் உள்பக்கம், சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் மேல் கையான அப்பர் ஆர்மில் உரசும். அதைத் தவிர்க்கச் சக்கரத்தை வெளியே கொண்டுவர வேண்டும். அங்கேதான் ஆஃப்செட் வருகிறது.

வெளியே கொண்டுவந்தால் வேறு தொல்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் அடிக்கும். முன்னால் பம்பர், பின்னால் ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு) இரண்டையும் தேடிப் போகும். லிஃப்ட் பண்ணியாயிற்றே, இடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். லிஃப்ட் கொடுப்பது மேலே உள்ள இடைவெளி. திரும்பும்போது இடிப்பது பக்கவாட்டுச் சங்கதி. மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கு ஒதுங்கித் திரும்பி வந்த ஒரு பிக்கப்பின் முன்சக்கரக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் லைனரின் பின்மூலையில் மண்ணெல்லாம் வழித்தெடுக்கப்பட்டு, கருப்பாகப் பளபளவென்று ஒரு பிறை. அதன் அடியில் ரப்பர் தூள். கடைக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ‘வீலு வெளிய தள்ளிகினு நிக்குதுண்ணா, இட்சிகினேதான் இருக்கும். உள்ள வாங்கின ரிம்மா பாத்துப் போடணும்’ என்றார்.

அந்த இரண்டு வாக்கியத்தில் கலைச்சொல் முழுதாக இருக்கிறது. வெளியே தள்ளி நிற்பது, உள்ளே வாங்கி இருப்பது. எந்தப் பக்கம் என்பதும் வந்துவிட்டது, நகர்ந்த தூரம் என்பதும் வந்துவிட்டது. கடல் உள்வாங்கியது என்று எண்ணூர்க் கரையில் சொல்கிற அதே ‘உள்வாங்கு’. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது ‘எதிரீடு’. ‘ஈடு’ இயந்திரம் மொழிபெயர்த்த சொல் என்றால் ‘எதிரீடு’ படித்தவர்கள் கொண்டுவருவது. கலைச்சொல் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு எழுதுபவர்கள் இதை விட மறுக்கிறார்கள். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான ஒரு கையேட்டின் வரைவை நான் திருத்த நேர்ந்தபோது இதற்காகப் பெரிய வாதமே நடந்தது. அவர்கள் தரப்பு இது: சொல் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றை உருவாக்கிக் குழப்பக் கூடாது, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்ற ஒழுங்கு வேண்டும்.

கடைசி வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ஐந்து தொழில்களுக்கு ஒரே சொல் அமைந்தது அந்த மொழியின் வரலாறு. அந்த முடிச்சை நாம் ஏன் அப்படியே கட்டி இழுக்க வேண்டும்? ஆஃப்செட் அச்சுக்குத் தமிழில் ‘மறுதோன்றி’ என்றார்கள். தகட்டில் இருக்கும் உரு ரப்பர் போர்வையில் பதிந்து, அதிலிருந்து தாளில் மறுபடி தோன்றுகிறது. யாரோ ஒருவர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். ‘எதிரீட்டு அச்சு’ என்று வைத்திருந்தால் அச்சுக்கோத்தவர்களுக்கே விளங்கியிருக்காது. மறுதோன்றியை ஏற்றுக்கொண்டவர்கள் சக்கரத்துக்கு மட்டும் ஒரே சொல் என்ற ஒழுங்கைக் கேட்பது நியாயம் இல்லை.

அடுத்தது, சொல் இருக்கிறது என்ற வாதம். இருக்கிறது, சரி. அதைக் கொண்டு ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். எதிரீடு என்பதில் ஏற்கெனவே ஓர் ‘எதிர்’ உட்கார்ந்திருக்கிறது. மைனஸ் ஆஃப்செட்டை எப்படிச் சொல்வது? ‘எதிர் எதிரீடு’ என்றுதான் அந்த வரைவில் இருந்தது. ப்ளஸ் ஆஃப்செட் ‘நேர் எதிரீடு’. நேரும் எதிரும் ஒட்டி நிற்கும் சொல்லை ஒரு மாணவன் எப்படி மனத்தில் வாங்குவான்? இன்னும் மோசம், அச்சுக்குப் போகும் வழியில் யாரோ ‘எதிர் எதிரீடு 12’ என்பதில் ஒரு சொல் இருமுறை வந்துவிட்டதென்று நினைத்து ஒன்றை நீக்கிவிட்டார்கள். ‘எதிரீடு 12’ என்று வந்தது. மைனஸ் 12 ப்ளஸ் 12 ஆகிவிட்டது. வித்தியாசம் 24 மி.மீ.

அது சின்னத் தூரம் இல்லை. கம்பெனி ரிம் ப்ளஸ் 30 என்று வைத்துக்கொள்வோம். அதே அகலத்தில் ப்ளஸ் 12 போட்டால் சக்கரம் 18 மி.மீ. வெளியே வரும். மைனஸ் 12 போட்டால் 42 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து வண்டியின் தடம், அதாவது இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 84 மி.மீ. அகன்றுவிடும். பேரிங்கில் விழும் சுமையின் நெம்பு கூடும். பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையை வெடுக்கென்று இழுக்கும். டயர் ஃபெண்டருக்கு வெளியே நின்று பின்னால் வருகிறவர் மேல் சேற்றையும் கல்லையும் வாரி அடிக்கும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இத்தனை விளைவு உள்ள ஓர் அளவுக்கு, திசையை விழுங்கிவிடும் பெயரை வைக்கக் கூடாது.

‘விலக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஈட்டைவிட ஆயிரம் மடங்கு மேல், தூரம் இருக்கிறது. ஆனால் திட்ட விலக்கம் போன்றவற்றில் பழகி, இருக்க வேண்டிய இடத்திலிருந்து பிசகியது என்ற சாயல் அதில் ஏறிவிட்டது. ரிம்மின் ஆஃப்செட் பிசகு அல்ல, வேண்டுமென்றே வைத்த அளவு.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் சொல்லைப் பார்க்கிறார்கள் என்பதே என் ஆதங்கம். 265/60 என்பதில் உள்ள 60, டயரின் பக்கச்சுவர் உயரம் அதன் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’. இதைத் ‘தோற்ற விகிதம்’ என்று எழுதுகிறார்கள். டயருக்கு எந்தத் தோற்றத்தின் விகிதம்? ‘உயர விகிதம்’ என்றால் முடிந்துபோயிற்று. கடையில் ‘60 சீரிஸ்’ என்பார்கள், அதுகூடத் தேவலை. ரிம்மை ‘விளிம்பு’ ஆக்கி, ‘17 அங்குல விளிம்பு’ என்று எழுதுகிறார்கள்; அகலமா விட்டமா என்று தெரியாது. டயர், ரிம், ஹப், நட்டு ஆகியவற்றை அப்படியே எழுதுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. தமிழாக்குகிறேன் என்று வந்தால் பொருளைத் தமிழாக்குங்கள்.

தமிழில் சக்கரத்துக்குச் சொல் பஞ்சம் என்றும் யாரும் சொல்ல முடியாது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம், அதிலிருந்து கிளம்புவது ஆரக்கால், ஆரக்காலைத் தாங்கும் மரவளைவு வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா, எல்லாம் சுழல்வது இருசில், கழன்றுவிடாமல் காப்பது கடையாணி. இவற்றைத் தச்சர்களும் கொல்லர்களும் வைத்தார்கள். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1961-ல் அங்கேயே டயர் தயாரிக்கத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட், பாடியில் வீல்ஸ் இந்தியா. தலைமுறை தலைமுறையாக டயரும் ரிம்மும் கையில் புழங்கும் ஊர் இது. இந்த ஊர்க்காரர்கள் வாயில் என்ன சொல் இருக்கிறது என்று கேட்காமல் எழுதிய கையேடு யாருக்காக?

ஆகவே என் தெரிவு: ஆஃப்செட் என்பது தள்ளளவு. எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த அளவு. ப்ளஸ் என்றால் உள்வாங்கல், மைனஸ் என்றால் வெளித்தள்ளல். ‘உள்வாங்கல் 30’, ‘வெளித்தள்ளல் 12’ என்று எழுதினால் கூட்டல் கழித்தல் குறியே வேண்டாம். குறி விழுந்துவிடும் என்ற பயமும் இல்லை. தள்ளுபடி நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் கேட்டார். தள்ளுவண்டியைப் பார்த்து யாருக்கும் தள்ளுபடி நினைவுக்கு வருவதில்லை. பழகினால் சரியாகிவிடும்.

ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தட்டான ஸ்பேசர் கணக்கிலும் இந்தச் சொல் தடுமாறவில்லை. உள்வாங்கல் 30 உள்ள ரிம்முக்குப் பின்னால் 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் உள்வாங்கல் 5. ஸ்பேசர் 35 என்றால் வெளித்தள்ளல் 5. சொல்லிப் பாருங்கள், எந்தப் பையனும் காகிதம் இல்லாமல் போட்டுவிடுவான்.

மிச்சம் இருப்பது ‘பேக்ஸ்பேசிங்’. அமெரிக்க ரிம்களில் பெரும்பாலும் இதை அங்குலத்தில் கொடுப்பார்கள். இதை ‘பின் இடைவெளி’ என்று எழுதி, தள்ளளவோடு போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்கள். ரிம்மைக் குப்புறப் படுக்கவைத்து, பின்விளிம்பின் மேல் ஒரு நேரான சட்டத்தைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை ஸ்கேலை இறக்கி அளக்கும் அளவு அது. இறக்கி அளப்பதால் பின்னாழம் என்பதே சரி.