ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போன வெளிச்சம்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அண்ணே, என் காடி பத்து வருஷப் பழசு. ராத்திரி மழை பேஞ்சா ரோடே தெரிய மாட்டேங்குது. எல்இடி பல்பு மாத்திடலாமா? கடைக்காரன் மூணு மடங்கு வெளிச்சம்னு சொல்றான்."

இதே ஆசையில் நானும் ஒருமுறை மாற்றியவன்தான். கடையில் மாட்டியதும் எதிர்ச் சுவர் பளீரென்று வெளுத்தது, எனக்கோ பெருமை தாங்கவில்லை. அன்று ராத்திரியே பினாங்கில் ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில், வளைவுக்கு வளைவு எதிரே வந்தவர்கள் எல்லாம் எனக்குப் பெரிய லைட்டு அடித்தார்கள். நான் ஹை பீம் போடவே இல்லை. அப்புறம் எதற்கு அடித்தார்கள்?

பழைய காடிகளில் இருக்கும் ஹாலஜன் பல்பு எப்படி எரிகிறது என்பது பள்ளியில் படித்ததுதான்: டங்ஸ்டன் இழை சூடாகி ஒளிர்கிறது, ஆவியாகிப் போகும் டங்ஸ்டனை உள்ளே இருக்கும் அயோடின் அல்லது புரோமின் வாயு மறுபடி இழைக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. அதை விடுங்கள். எனக்குப் பிடித்த சங்கதி பல்புக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகரக் கிண்ணம்.

பழைய காடியில் இருந்து கழற்றிய மூன்று கால் பல்பு, எச்4 என்பார்கள், கையில் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். பின்னால் இருப்பது ஹை பீம், 60 வாட். முன்னால் இருப்பது லோ பீம், 55 வாட், ஓர் அரிசி மணி நீளம்தான் இருக்கும். இந்த முன்னிழைக்கு அடியில் மட்டும், குழந்தைக்கு மருந்து கொடுக்கும் கரண்டி மாதிரி ஒரு கிண்ணம்.

இப்போது லைட்டுக்குள் பல்புக்குப் பின்னால் இருக்கும், ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக்கு வாருங்கள். அது பரவளையம். குவியம் என்னும் புள்ளியில் வைத்த ஒளி அதில் பட்டு நேர்க்கோட்டில் கிளம்பும், ஹை பீம் இழை இருப்பது அங்கேதான். லோ பீம் இழையை வேண்டுமென்றே குவியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். அப்படித் தள்ளினால் கண்ணாடியின் மேல் பாதியில் படும் ஒளி கீழே சாயும், அதாவது ரோட்டுக்குப் போகும். கீழ்ப் பாதியில் படும் ஒளி மேலே ஏறும், அதாவது எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகும். அந்தக் கீழ்ப் பாதிக்கு ஒளியே போகாமல் மறிப்பதுதான் கிண்ணத்தின் வேலை. அதிலும் ஒரு நுணுக்கம், கிண்ணத்தின் ஒரு ஓரம் மட்டும் 15 பாகை சாய்ந்திருக்கும், அதனால்தான் நாம் இடப்பக்கம் ஓட்டும் ஊரில் இடது ஓரத்து நடைபாதையும் பலகையும் மட்டும் கொஞ்சம் உயரமாகத் தெரிகின்றன. கரண்டி அளவுகூட இல்லாத ஒரு தகரத் துண்டுக்குள் இவ்வளவு யோசனையை வைத்தவனை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும்.

ஒரு சின்னக் கணக்கு. கண்ணாடியின் குவியத்தூரம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒளி கிளம்பும் புள்ளி ஒரே ஒரு மில்லிமீட்டர் மேலே கீழே நகர்ந்தால், கதிர் 25-இல் 1 பங்கு சாய்கிறது. 50 மீட்டர் தள்ளி அது 2 மீட்டர் வித்தியாசம்! ரோட்டில் விழ வேண்டியது எதிர்க்காடியின் ஓட்டுநர் முகத்தில் விழுகிறது. எல்இடி பல்பிலோ இழையே கிடையாது, ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் ஒளிவிடும் குட்டிச் சில்லுகளை ஒட்டியிருப்பார்கள். இழை சுற்றிலும் ஒளி விடும், சில்லு தன் முகம் பார்க்கும் பக்கம்தான் விடும். அந்தக் கண்ணாடி ஓர் இழைக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை. வேறு ஆளுக்குப் போட்டால் எங்கேயாவது பிதுங்கத்தான் செய்யும்.

சரி, வெளிச்சம் கூடத்தானே செய்கிறது என்பீர்கள். கூடுவது பெரும்பாலும் காடிக்கு முன்னால் பத்து மீட்டரில். கிட்டே பளபளவென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொண்டு, தூரத்து இருட்டை இன்னும் இருட்டாகக் காட்டும். நன்றாகத் தெரிகிற மாதிரியே இருக்கும், ஆனால் தூரத்தில் நிற்கும் மாடு தெரியாது.

மழை விஷயம் வேறு. ஈர ரோடு கண்ணாடி மாதிரி ஆகி, நீங்கள் அனுப்பும் ஒளியை முன்னால் தள்ளிவிடுகிறது, உங்களிடம் கொஞ்சம்தான் திரும்பி வருகிறது. எந்த பல்பு போட்டாலும் அது இருட்டுதான். '6000 கெல்வின்' என்று பெட்டியில் போட்டிருப்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், வெளிச்சத்தின் அளவில்லை. நீலம் கலந்த பல்பு கூடுதல் வெளிச்சம் தரும் என்ற நம்பிக்கையை, புதுக் காடி டயருக்கு அடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்தோடு சேர்க்க மாட்டேன். எலுமிச்சை யார் கண்ணையும் கூச வைக்காது. நம் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் கடையில் விற்கும் பல்புகளை வாங்கி அளந்து ஒரு பட்டியல் போட்டால் எவ்வளவு உபயோகமாக இருக்கும்! அதற்கெல்லாம் யார் காசு தருகிறார்கள்?

பட்டர்வொர்த் நண்பருக்கு என் யோசனை: முதலில் லைட்டின் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் அந்த பிளாஸ்டிக் மஞ்சளாகி சொரசொரப்பாகியிருக்கும். ஈரமான 1000, 2000 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே வெயில் தாங்கும் பூச்சு அடியுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரமே பழையபடி மங்கிவிடும். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, லைட்டையும் போட்டு, பல்பு சாக்கெட்டில் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். வயரிலும் எர்த்திலும் துரு ஏறி ஒரு வோல்ட் குறைந்தாலே ஹாலஜன் கால்வாசி வெளிச்சத்தை இழந்துவிடும். அதற்காக 100 வாட் பல்பு போட வேண்டாம், அந்த வயர் அவ்வளவு கரண்டுக்குப் போட்டதில்லை, சாக்கெட் உருகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஃபிளாட் கார் பார்க்கில் சுவரைப் பார்த்து நிறுத்தி லோ பீம் போடுங்கள். மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறி நிற்கும். என் காடியில் எல்இடியைக் கழற்றிவிட்டுப் பதினைந்து வெள்ளி ஹாலஜனைத் திரும்ப மாட்டியதும், அந்தக் கோடு சுவரில் திரும்ப வந்து உட்கார்ந்தது.